கடலடிச் சேறு

"கடலுக்கு அடியில, சேத்துக்குள்ள உசுரு இருக்குன்னு பாடம் நடத்துனீகளாமே சார், நெசமா?"

சின்னத்தாய் பட்டாசுக் கம்பெனியிலிருந்து நேரே வந்திருந்தாள். கையெல்லாம் மருந்துக் கறுப்பு. பின்னால் அவள் கொழுந்தன் முத்துக்கருப்பன், பாவம், தர்மசங்கடத்தில் நெளிந்தான். ஜூனில்தான் எம். புதுப்பட்டிப் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்த விஞ்ஞான ஆசிரியர் தேவாசீர்வாதம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நெசந்தாம்மா. யாரு சொன்னா?"

"எம் மக. ஒங்க வகுப்புலதான் படிக்கா."

"போன மார்கழியில எங்கண்ணன் கம்பெனி வேலையா தனுஷ்கோடிக்குப் போனாரு சார்," என்றான் முத்துக்கருப்பன். "புயல்ல ரயிலோட கடல் கொண்டுட்டுப் போயிருச்சு. உடம்பு கூடக் கிடைக்கல. வருசம் திரும்புறதுக்குள்ள மதினிக்குத் தாலியக் கழத்திக் காரியத்த முடிச்சிரலாம்னு பெரியவுக பேசிட்டாக. மதினியும் சரின்னுச்சு. புள்ள வந்து இதச் சொன்னதுலேர்ந்து மாட்டவே மாட்டேங்குது."

சின்னத்தாய் அவனைக் காதில் வாங்கவே இல்லை. "அந்த உசுருக்குச் சோறு தண்ணி சார்?"

"பேருக்குத்தாம்மா. வெளிச்சம் கிடையாது, காத்து கிடையாது. செத்தது மாதிரியே கிடக்கும், ஆனா சாகாது. கப்பல்லேர்ந்து நீளமா குழாய இறக்கி, அந்தச் சேத்த அள்ளிப் பாத்திருக்காங்க. அம்புட்டு ஆழத்துலயும் உசுரு இருந்திருக்கு..."

வாத்தியார் தன்னை மறந்து சொல்லிக்கொண்டே போனார். சின்னத்தாயின் முகம் தெளிவதைப் பார்த்து முத்துக்கருப்பன் குறுக்கிட்டான்.

"சார், மதினிக்கு நல்லபடியா எடுத்துச் சொல்லுவீகன்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

தேவாசீர்வாதம் பேச்சை நிறுத்தினார்.

"அது கிருமிம்மா. கண்ணுக்கே தெரியாது. மனுசன் அங்கன இருக்க முடியாது. ஒம் புருசன் இனிமே வர மாட்டாரு. மனசத் தேத்திக்கோ."

சின்னத்தாய் தாலியை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழுதாள் பாருங்கள், பத்து மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை. முத்துக்கருப்பன் வாத்தியாரைக் கும்பிட்டுவிட்டு அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை திருத்தங்கல் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் போதகர் தேவாசீர்வாதத்திடம் வந்தார்.

"சார், நீங்க இந்தச் சபைக்கு வந்த நாள்லேர்ந்து, பிரயாணத்துல இருக்கவுகளுக்கான ஜெபத்துல ஒங்க மகன் பால்துரை பேரையும் சேக்கச் சொல்லுதீக. நானும் வாராவாரம் சொல்லிட்டுத்தான் வாரேன். தம்பி அப்படி எங்கதான் போயிருக்கான்?"

"தனுஷ்கோடிக்கு ஐயா," என்றார் தேவாசீர்வாதம். "அந்த ரயில்லதான் போனான்."