சமையலறைத் தமிழ்

வாஷிங்டன் அரசியலின் உள்விவகாரங்களைப் பேசிப் பெயரெடுத்த கதிரேசன், தன் குரலை ஒரு சேனலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது அவர் இல்லாமலே, கணினி உருவாக்கிய அவர் குரல் டிவியில் தினமும் பேசுகிறது. அது சொல்வதற்கு மாறாக அவர் ஆங்கிலத்தில் வாய் திறந்தால் சேனல் கொடுத்த வீடும் விசாவும் போய்விடும். சேனல்காரர்கள் சுவரில் பதித்த கருவி கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஒப்பந்தத்தில் தமிழ் இல்லை. "தமிழை இங்க எவன் கேக்கப் போறான்?" என்பார் கதிரேசன். சமையலறையில் வெங்காயம் அரிந்தபடியே எல்லாரையும் கிழித்துத் தொங்கவிடுவார்.

"இந்தச் சண்டையே தேர்தலுக்காகத்தான், நிரஞ்சனா. பிரசிடெண்டோட ஆளே எங்கிட்ட சொன்னான்."

"பின்ன? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?" என்று மனைவி சிரித்தாள்.

மறுவாரம் கூடத்தில் அவர் குரல் தமிழில் கேட்டது. "ஏங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றபடி நிரஞ்சனா வந்தாள். கதிரேசன் டிவியைச் சுட்டிக் காட்டினார். பேசியது டிவி. 'கதிரேசன் குரல், இனி எல்லா மொழிகளிலும்' என்று திரையின் அடியில் எழுத்து ஓடியது.

"நாட்டுக்கு ஆபத்தில்லாமலா பிரசிடெண்ட் சண்டைக்குப் போறார்? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?" என்றது அந்தக் குரல்.

கூடவே ஒரு பெண் சிரித்தாள். அது நிரஞ்சனாவின் சிரிப்பு.

கதிரேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள்.

அன்று ரசத்தில் உப்பே இல்லை. அதைக்கூட இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.