தேவை எழவில்லை

“நம்ம ஆபீஸுக்குச் சாய்தளம் வேணும்னு நீங்க கொடுத்த மனுவை இன்னைக்கு முடிச்சு வைக்கப் போறோம்மா,” என்றார் நகராட்சி மேலாளர் தொலைபேசியில். “தேவை எழவில்லைனு குறிப்பும் எழுதியாச்சு.”

“எப்படிங்க ஐயா?” என்று தையற்கடை நடத்தும் அந்தப் பெண்மணி பணிவுடன் கேட்டார்.

“மாற்றுத்திறனாளிகள் வந்தா கையெழுத்துப் போடுறதுக்குத் தனிப் பதிவேடே வச்சிருக்கோம். மூணு வருஷமா ஒரு பேர்கூட இல்லை. வராத விருந்தாளிக்குப் பாய் விரிக்கச் சொல்றீங்களே.”

“அதுல பேர் ஏறிட்டா மனு நிக்குங்களா?”

“ஒரே ஒரு பேர் இருந்தாலும் போதும். அஞ்சு மணிக்குள்ள வரச் சொல்லுங்க. இல்லைன்னா கோப்பைக் கட்டிடுவேன்.”

“இருபத்து மூணு பேர் இருக்கோங்க ஐயா.”

மேலாளர் சிரித்துவிட்டார். “கடையைப் பார்க்காம ஏம்மா ஊர்க்கவலையைச் சுமக்கறீங்க?”

“கொஞ்சம் ஜன்னலைத் திறந்து கீழே பாருங்களேன்.”

தொலைபேசியைக் காதில் வைத்தவாறே மேலாளர் மாடி ஜன்னலைத் திறந்தார். பதினெட்டுப் படிகளுக்குக் கீழே சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களும் வாசலை நிறைத்திருந்தன. முதல் நாற்காலியில் இருந்த பெண்மணி, கைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்தார்.

“நீங்களாம்மா?” மேலாளரின் குரல் தணிந்தது. “ரெண்டு ஆளை அனுப்பறேன். பத்திரமா தூக்கிட்டு வந்துடுவாங்க.”

“நாங்க மூட்டை இல்லைங்க ஐயா. மூணு வருஷமா மாசாமாசம் இந்தப் படி வரைக்கும் வந்துட்டுத்தான் திரும்பிப் போறோம். இன்னைக்குப் போறதா இல்லை. எங்களால ஏற முடியாது. உங்களால இறங்க முடியும்ல? பதிவேட்டை எடுத்துக்கிட்டு வாங்க.”