சமமில்லாத இரண்டு பள்ளங்கள்

மார்ச் 11, செவ்வாய். ஓரிடத்தில் கழித்தலுக்குப் பதில் கூட்டல் குறி போட்டுவிட்டேன்.

மாலை வகுப்பின் கரும்பலகையில் என் ரேடியம் அணுக்கருவின் ஆற்றல் வரைபடம் நிற்கிறது. பேரிக்காய் வடிவக் கரு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆற்றல் ஒன்றே. அதனால் வரைகோட்டின் இரண்டு பள்ளங்களும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். என்னுடையதில் இடது பள்ளம் கூடுதலாக இறங்கியிருக்கிறது. தேவேந்திரன் சார் அதை டஸ்டரால் தட்டுகிறார்; சாக்பீஸ் தூள் என் கைமேல் விழுகிறது. "சமச்சீரை அணுக்கரு உடைக்கலமா, நீதான் உடைச்சிருக்க. வீட்ல சேலைக்கு ரெண்டு கரையும் இப்படித்தான் நெய்வீங்களா?" பின்பெஞ்சு சிரிக்கிறது. "நாளைக்குச் சரியா வரலைன்னா ப்ராஜெக்ட் லோகேஷுக்கு." லோகேஷ் அதற்குள் என் வரைபடத்தைப் போட்டோ எடுக்கிறான். "எங்க தப்புன்னு சொல்லிடேன்பா," என்று இளிக்கிறான். எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நோட்டை மூடிப் பைக்குள் வைக்கிறேன்.

நாளைக்கு: குறியை மாற்றி, இடது பள்ளத்தை முதலிலிருந்து கணக்கிட வேண்டும்.