மூன்று வாரப் பிழை

"எண்ணிக்கையை ஏத்தினியா?"

"எந்த எண்ணிக்கை?"

"சரியாப் போச்சு! ஸ்கிரிப்ட்லேர்ந்து ஒரு மாறியை சி நிரலுக்குள்ள வாங்கினா, 'நானும் வச்சிருக்கேன்'னு எண்ணிக்கையில ஒண்ணு கூட்டணும்ல? நீ சொல்லலைன்னா, யாருக்கும் வேண்டாம்போலன்னு ஸ்கிரிப்ட் அது பாட்டுக்கு அந்த மாறியை அழிச்சிடும். நீ வெறுங்கையோட நிப்ப."

மூன்று வாரத்துக்கு முன் நடந்த பேச்சு இது. வீட்டை விட்டுப் போய்ப் பதினொரு மாதம் கழித்து அவள் கணவன் அவளிடம் போனில் பேசியது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஏழு வருடமாக இந்தப் பாடத்தை எடுப்பவளே அவள்தான். அவனிடம் மட்டும் ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டுக்கொண்டாள்.

பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடும் மென்பொருள். மேலே ஸ்கிரிப்ட்; அடியில், வேகம் வேண்டிய இடத்தில், சி மொழி. அந்த சி பகுதி இதே அலுவலகத்தில், அவளுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து அவன் எழுதியது. பட்டியலிலிருந்து ஒரு நிறுத்தத்தை நீக்கினால் போதும், மொத்தமும் பொத்தென்று விழுந்தது.

"எழுதினவரையே கேளுங்களேன். வீட்டுலதானே இருக்கார்" என்று சிரித்தார் மேலாளர்.

அவன் வீட்டில் இல்லை என்பதை அவள் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று அவன் கேட்ட அன்று, "உன் இஷ்டம்" என்றாள். அன்றைக்கு எதற்கோ கோபம். எதற்கென்று இப்போது யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. அவன் வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொள்ள வெகுநேரம் எடுத்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

ஒருவருக்கு மட்டும் சமைக்க அவளுக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை. மதியம் மிஞ்சியதை ராத்திரியும், ராத்திரி மிஞ்சியதை மறுநாளும் சாப்பிட்டாள்.

பிழையை அவள் முதல் நாளே, அவன் போனை வைத்த கையோடு திருத்திவிட்டாள். ஒரே ஒரு வரி.

ஆனாலும் தினமும் மூன்று மணிக்கு அந்த வரியைத் தன் கணினியில் எடுத்துவிடுவாள். நிரலை ஓட்டி விழவைப்பாள். வருகிற பிழைச் செய்தியை அப்படியே அவனுக்கு வாசித்துக் காட்டுவாள். இல்லாததைச் சொல்ல அவளுக்கு வராது. பேசி முடித்ததும் வரியைத் திரும்பப் போட்டுவிடுவாள்.

அவனும் சலிக்காமல் கேட்பான். இங்கே பார்த்தியா, அங்கே பார்த்தியா என்பான். நடுவில், "குரல் ஏன் கட்டியிருக்கு?" என்பான்.

இன்று நான்கு மணிக்குத் திருத்தம் வாடிக்கையாளர்களுக்குப் போகிறது. அதற்குப்பின் அவனைக் கூப்பிட எந்தச் சாக்கும் இல்லை.

காலியாக இருந்த கூட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கடைசி முறையாகப் பிழைச் செய்தியை வாசித்தாள். வேண்டுமென்றே மெதுவாக வாசித்தாள்.

அவன் முழுவதையும் வாசிக்க விட்டான்.

"மேடம்" என்றான். கிண்டல் செய்யும்போது மட்டும் அவன் அப்படிக் கூப்பிடுவான். "அந்த வரியை நீ முதல் நாளே போட்டுட்ட. அங்க யார் எதை மாத்தினாலும் எனக்கு மெயில் வருது. லிஸ்ட்லேர்ந்து என் பேரை இன்னும் யாரும் எடுக்கலை."

அவளுக்குக் காது சுட்டது. அந்த மெயில் பட்டியலை அவள் யோசிக்கவே இல்லை.

"தெரிஞ்சுக்கிட்டே மூணு வாரமா பேசினியா?"

"சொல்லிட்டா நீ கூப்பிட மாட்டியே."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான்கு பேர் அறைக்காகக் காத்து நின்றார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

அவள் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

"வீட்டுக்கு வந்துடேன்" என்றாள்.