நடு பிளக்கின் மரை

காருக்குச் சக்கரங்கள் இல்லை.

நான்கு மூலையிலும் செங்கல் அடுக்கி, அதன்மேல் உட்கார வைத்திருந்தார்கள். வேப்பமரத்தின் நிழல் அதன் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் மிதக்கிற வண்டியைப் பார்ப்பது போலிருந்தது.

வீடு தேடிப்போய் வண்டி பழுதுபார்ப்பது சரண்யாதேவியின் தொழில். ஆனையூரில் இந்த வீட்டுக்கு இதுதான் முதல் தடவை. தப்பான வாசலில் நிற்கிறோமோ என்று பையை இறக்காமலே நின்றாள்.

"இந்த வண்டிதாம்மா" என்றார் பத்ரிநாத். எழுபதைத் தாண்டியவர். வேட்டியைத் துவைத்து மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தார். உள்ளங்கையில் மட்டும் கறுப்பு மசி.

பானட்டைத் திறந்தாள். மூன்று பிளக்குகளில் நடுவிலிருந்தது வெளியே வந்து, வயரோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். பிளக்கைப் பிடித்து நிறுத்துகிற மரை மழுங்கி வழவழவென்று கிடந்தது.

அவரே பிளக் மாற்றப் பார்த்திருக்கிறார். கை நடுக்கத்தில் கோணலாக ஏறியிருக்கிறது. ஏறாததை ஸ்பானர் போட்டு இறுக்கியிருக்கிறார். இன்ஜினின் மேல்பாகமான ஹெட் அலுமினியம். இரும்பு இழுத்த இழுப்புக்கு அது வந்துவிட்டது.

பட்டறைக்குக் கொண்டுபோய் ஹெட்டைக் கழற்றிச் செய்வதுதான் பத்திரம், நாலு நாள் ஆகும் என்றாள்.

பத்ரிநாத் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னைக்கே ஓடணும்மா. எங்கயும் போக வேணாம். இன்ஜின் ஓடினாப் போதும்."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் போலிருந்தது. அதைக் கேட்டுவிட்டு இந்த வேலையைச் செய்ய முடியாது என்றும் தோன்றியது.

மரை வெட்டுகிற எஃகுத் திருகாணியான டேப்பை எடுத்தாள். அதன் பள்ளங்களில் கிரீஸை அப்பினாள். வெட்டுப்படும் துகள்கள் சிலிண்டருக்குள் விழாமல் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரே வாய்ப்புதான். டேப் சாய்ந்து இறங்கினால் அந்த ஹெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அரைச் சுற்று முன்னால். கால் சுற்று பின்னால்.

வெளியே எடுத்துத் துடைத்தாள். மறுபடி கிரீஸ். மறுபடி அரைச் சுற்று.

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. எங்கேயோ ஒரு செம்போத்து ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தன் கை எங்கே முடிகிறது, டேப் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இருட்டான ஒரு கிணற்றுக்குள் படிப்படியாக அவளே இறங்கிக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. படிகள் புதிதாக இருந்தன. ஒவ்வொன்றும் மினுங்கியது.

கண்ணைத் திறந்தபோதுதான் இவ்வளவு நேரம் மூடியிருந்தது தெரிந்தது.

எவர்சில்வர் கம்பியைச் சுருட்டிச் செய்த புது மரையை உள்ளே திருகி இறக்கினாள். அதன் அடியில் நீட்டிக்கொண்டிருந்த வாலை உடைத்து இடுக்கியால் எடுத்தாள். காற்றடித்துத் துகளை ஊதினாள். பிறகு பிளக்கை வைத்து, ஸ்பானரைத் தொடாமல் விரலாலேயே திருகினாள்.

நேராக இறங்கியது.

கடைசி இறுக்கு இறுக்கி வயரை மாட்டிவிட்டு, சாவியைப் போடச் சொன்னாள்.

இரண்டு தடவை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. செங்கல்மேல் நின்றபடியே கார் மெல்ல அதிர்ந்தது. சரண்யாதேவி பானட்டை மூடினாள்.

வீட்டுக் கதவு திறந்தது.

அரக்குச் சுங்குடிச் சேலை கட்டிய ஓர் அம்மாள் வெளியே வந்தார். தோளில் கைப்பை. நெற்றியில் கொஞ்சம் தள்ளி வைத்த குங்குமம். படியில் நின்று அவசரமாகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

பத்ரிநாத் வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு டிபன் பாக்ஸோடு வந்தார். ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். இட்லியைப் பிட்டு நீட்டினார். அந்த அம்மாள் வெளியே பார்த்தபடியே வாங்கி மென்றார்.

இருவரும் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டார்கள். சரண்யாதேவிக்கு அந்தப் பாஷை தெரியாது. நடுநடுவே அழகர்கோயில் போகிற வழியிலுள்ள ஊர்ப்பெயர்கள் மட்டும் காதில் விழுந்தன. ஐயர்பங்களா. அடுத்த இட்லிக்குக் கடச்சனேந்தல். ஒரு வாய் தண்ணீருக்குப் பிறகு அப்பன்திருப்பதி.

அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டார். முன்நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டார்.

பத்ரிநாத் தன் பக்க ஜன்னல் வழியாகச் சரண்யாதேவியிடம் மெதுவாகச் சொன்னார்.

"என் சம்சாரம் லலிதாம்பாள். வண்டி கிளம்பினாத்தான் சாப்பிடுவா. மூணு நாளா வெறும் தண்ணிதான்."

 சரண்யாதேவி குனிந்து சாமான்களைப் பொறுக்கிப் பையில் போட்டாள். கிளம்புகிறேன் என்று சொல்ல நிமிர்ந்தபோது லலிதாம்பாள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோட்டோரத்துல தனியா நிக்கிறியேம்மா. எங்க போகணும்?"

இப்போது அது தமிழ்.

"பேரையூருக்கும்மா."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அது அவள் பிறந்த ஊர். வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்ட பிறகு ஆறு வருஷமாக அவள் அங்கே போனதில்லை. அழகர்கோயில் ரோட்டுக்கு நேர் எதிர்த்திசை, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்.

லலிதாம்பாள் கொஞ்சம் யோசித்தார்.

"போற வழிதான். ஏறு."

சரண்யாதேவி கையைத் துடைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள்.

பத்ரிநாத் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"கதவ நல்லா இழுத்துச் சாத்தும்மா. பேரையூர் ரோடு தூக்கித் தூக்கிப் போடும்."