மீறியவள்

"நான் திரும்பி வர்ற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. என்ன சத்தம் கேட்டாலும் சரி. மீறினா சர்டிபிகேட் கிடையாது. இது என் ஆர்டர்!"

கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குள் போனார் அன்னபுஷ்பம்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி வகுப்பு அது. தப்பென்று தெரிந்தும், மேலே இருப்பவர் சொன்னார் என்பதற்காக மனிதர்கள் ஏன் ஒன்றைச் செய்கிறார்கள் என்பதுதான் அன்றைய பாடம். கல்லூரியில் உளவியல் நடத்தும் அன்னபுஷ்பத்தை அதற்காகவே அழைத்திருந்தார்கள்.

"சூப்பர்வைசர் சொன்னா, ஓடுற மெஷின்ல கையை விடுவீங்களா?" என்று சற்றுமுன் அவர் கேட்டபோது, பென்னலூர் புருஷோத்தமன்தான் முதலில் எழுந்தான்.

"சூப்பர்வைசர் இன்னா மேடம், ஜி.எம்மே வந்து சொன்னாலும் மாட்டேன்!"

வகுப்பே கைதட்டியது.

இப்போது பக்கத்து அறையில் நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது. "அம்மா..." என்று ஒரு முனகல்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போய்ப் பாக்கலாமா?" என்றாள் தென்றல்.

"கம்முனு உக்காரு. நம்மள செக் பண்றாங்க. சூப்பரா நடிக்கிறாங்க பாரு" என்றான் புருஷோத்தமன்.

"நெஜமா அடிபட்டிருந்தா?"

"சர்டிபிகேட் இல்லன்னா மெஷின் லைன்ல வேலைக்கே ஏத்த மாட்டாங்க. ஊட்ல போய் இன்னா சொல்லுவ?"

தென்றல் பாதி எழுந்தவள் உட்கார்ந்துவிட்டாள். முனகல் மெலிந்துகொண்டே வந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசி வரிசையில் இருந்த அஞ்சலி சட்டென்று எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து இழுத்தாள். அஞ்சலி அதை உதறிவிட்டு ஓடினாள். பக்கத்து அறையிலிருந்து அவள் வீறிட்டு அலறிய பிறகுதான் மற்றவர்கள் பதறி எழுந்தார்கள்.

தரையில் கிடந்தார் அன்னபுஷ்பம். மேஜை முனை இடித்து நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அஞ்சலி அவர் தலையைத் தன் மடியில் ஏந்தி, துப்பட்டாவைச் சுருட்டிக் காயத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள். யாரோ ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அஞ்சலி கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

அன்னபுஷ்பம் கண் திறந்தார்.

"மன்னிச்சிடுங்க மேடம். நீங்க நடிக்கிறீங்கன்னு நெனச்சுட்டோம்" என்றான் புருஷோத்தமன்.

"நடிக்கத்தான்ப்பா போனேன்." வலியோடு சிரித்தார் அவர். "நாற்காலியைத் தள்ளுறப்ப கால் தடுக்கிடுச்சு."

நிமிர்ந்து தன்னை ஏந்தியிருந்தவளைப் பார்த்தார். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா இந்தப் பாடத்தை நடத்துறேன். என் ஆர்டரை மீறி எழுந்து வந்தது நீ ஒருத்திதாம்மா. எப்படிம்மா வந்துச்சு இந்தத் தைரியம்?"

அஞ்சலி அவர் தலையை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

"மேடம்..." தென்றல் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இவ ஜார்க்கண்ட் பொண்ணு. நேத்துதான் எங்க ஹாஸ்டலுக்கு வந்தா. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நீங்க போட்ட ஆர்டர் இவளுக்குப் புரியவே இல்ல மேடம். நீங்க முனகினது மட்டும்தான் புரிஞ்சுது."