சூட்டறை

அந்தச் சூட்டறையில் மூச்சின் விலை மணிக்கு எழுநூறு ரூபாய். முதலில் வெளியேறுபவருக்கு அப்பாவின் கடை இல்லை என்று பேசிக்கொண்டுதான் அண்ணனும் நானும், ஹீட்டர் போட்டுச் சூடேற்றிய அறையில் நடக்கும் அந்த யோகா வகுப்புக்குப் போனோம். "புதுசா வர்றவங்க தண்ணி வெச்சுக்குங்க, மயக்கம் வந்தா படுத்துடுங்க, வீறாப்பு வேணாம்," என்றார் ஆசிரியை. பாட்டில் நாற்பது ரூபாயா என்று அண்ணன் வாங்கவில்லை. அரை மணியில் சரிந்துவிழுந்து, என் தண்ணீருக்குக் கை நீட்டினார்.

"ஒரு வாய்டா, சொக்கு."

"கடையை விட்டுட்டுக் குடிங்கண்ணே."

மறுபடியும் நீண்ட விரல்களைக் குதிகாலால் நசுக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கத்தினால் தோற்றதாகிவிடும் என்று அவர் கத்தவில்லை.

"எல்லாரும் கண்ணை மூடி எட்டு மூச்சு," என்றார் ஆசிரியை. நான் மூடாமல் அண்ணனுடையதை எண்ணினேன். இழுத்தது எட்டு. விட்டது ஏழு.